நம்பர் பிளேற்றைப் பார்த்துக் கார் மாற்றுகிறவர்களுக்கு

கடந்த தை மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவரின் கார் எம்.ஓ.ரி. என்னும் வருடாந்த வாகனச் சோதனையில் தவறிவிட்டது. 2009ஆம் ஆண்டுப் பெற்றோல் கார். முன்பக்க ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது, பிறேக் தட்டுகள் தேய்ந்திருந்தன, இரண்டு ரயர் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து 850 பவுண் என்று கராஜில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். "அண்ணை, காரை வித்தாலே ஆயிரத்து நூறுதான் வரும். அதுக்குப் போய் எண்ணூற்றைம்பது செலவழிக்கிறது விசர் வேலை எல்லே?" என்றார். இரண்டு கிழமையில் புதுக்கார் வந்தது. முற்பணம் 2,000 பவுண், பிறகு மாதம் 329 பவுண்படி 36 மாதம். கனகதுர்க்கை அம்மன் கோயில் வாசலில் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். சித்திரையில் அவர் சனி ஞாயிறுக்கும் ஒரு வேலை தேடிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டும் சின்னன். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் கிடந்தது.

திருத்தும் செலவு காரின் விலையை நெருங்கினால் காரை எறிந்துவிட வேண்டும் என்பதை லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் ஆட்கள் வேதவாக்காகச் சொல்கிறார்கள். இது பிழையான கணக்கு. ஆயிரத்து நூறு பவுண் என்பது முன்பின் தெரியாத ஒருவன் அந்தக் காருக்குத் தரக்கூடிய காசு. அந்தக் கார் உங்களுக்குச் செய்யும் வேலையின் பெறுமதி அதுவல்ல. அது நாளை காலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும், இரவு வேலைக்குக் கொண்டுபோகும், சுகமில்லாத மாமியை ஈலிங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். இந்த வேலையை அடுத்த பன்னிரண்டு மாதம் இந்தக் காரிடம் வாங்க எவ்வளவு செலவு, வேறு காரிடம் வாங்க எவ்வளவு செலவு? கணக்கு இங்கேதான் தொடங்க வேண்டும். 850 பவுணைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 71 பவுண். அடுத்த வருடமும் அதே அளவு செலவு வந்தாலும் மாதம் 71 பவுண்தான். தம்பி கட்டும் 329 பவுணில் மூன்று மாதத் தவணையே 987. திருத்த வேலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

பழைய கார் காசைத் தின்கிறது என்று தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது தின்னும் காசுக்குத் துண்டு வரும். மெக்கானிக் எழுதித் தருவார், வாங்கும்போது நெஞ்சு பதறும். புதுக்காரின் விலை இறங்குவதற்கு யாரும் துண்டு தருவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போதே இறங்கிக்கொண்டிருக்கும். புதுக்கார் ஒன்று முதல் மூன்று வருடத்தில் தன் விலையில் நாற்பது வீதமோ அதற்கு மேலோ இழப்பது வழமை. 24,000 பவுண் காரில் நாற்பது வீதம் என்றால் 9,600 பவுண். ஒரு மெக்கானிக் மூன்று வருடத்தில் உங்களிடம் 9,600 பவுண் கேட்டால் அவரைக் கள்ளன் என்பீர்கள். அதே காசு சத்தமில்லாமல் போகும்போது அதைச் சிக்கனம் என்கிறோம்.

மூன்று வருடத்தில் காரை மாற்ற வேண்டும் என்ற கெடு எங்கிருந்து வந்தது? காரின் உடம்பிலிருந்து வரவில்லை. 1960இல் எம்.ஓ.ரி. சோதனை தொடங்கியபோது பத்து வருடம் கடந்த கார்களைத்தான் சோதித்தார்கள். 1967இல்தான் அந்த வயது மூன்றாகக் குறைந்தது. மூன்றாம் வருடம் அரசாங்கம் காரைப் பார்க்கத் தொடங்கும் வருடம். அந்த வருடத்தில் கார் கெட்டுப்போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கியா கார்களுக்கு ஏழு வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ரொயோட்டா தன்னிடமே சேர்விஸ் செய்துவந்தால் பத்து வருடம் வரை நீட்டிக் கொடுக்கிறது. செய்தவனே பத்து வருடத்துக்குப் பொறுப்பேற்கும் பொருளை மூன்று வருடத்தில் பழசு என்று நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

அந்தக் கெடு பி.சி.பி. என்னும் தவணைத் திட்டத்தின் கெடு. முற்பணம் கட்டுகிறீர்கள், மாதாமாதம் கட்டுகிறீர்கள், கடைசியில் பெரிய தொகை ஒன்று அப்படியே நிற்கிறது. அதைக் கட்டினால்தான் கார் உங்களுடையது. கட்ட முடியாதவர் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மிச்சப் பெறுமதி ஏதாவது இருந்தால் அதை முற்பணமாக்கி இன்னொரு புதுக்காரில் ஏறலாம். பெரும்பாலானோரை ஏற்றுவது இந்த மூன்றாவது வழியில்தான். வட்டி, கடைசியில் நிற்கும் அந்தப் பெரிய தொகைக்கும் சேர்த்தே ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. தம்பி 36 மாதத்தில் முற்பணத்தோடு 13,844 பவுண் கட்டி முடிக்கும் நாளில் அவருக்குச் சொந்தமாக ஒரு சில்லுகூட இராது. வட்டியைக் கூட்டினால் விற்பவருக்குத் தரகும் கூடும் என்ற ஏற்பாடே பல வருடம் இந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. நிதி நடத்தை ஆணையம் அதை 2021 தை மாதம்தான் தடை செய்தது. இப்படியான தரகு பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 2025 ஆவணியில் தீர்ப்பு வந்தது. "மூன்று வருடம் ஆயிற்று, மாற்றுவோமா?" என்று தொலைபேசியில் அன்பாகக் கேட்கும் குரலை நம்புமுன் இதை நினைவில் வைத்திருங்கள்.

தவணைத் திட்டத்தைவிடப் பெரிய அழுத்தம் நம்பர் பிளேற். 2001 புரட்டாதி முதல் காரின் வயதை இரண்டு இலக்கத்தில் நெற்றியில் எழுதி ஒட்டுகிறார்கள். 2024 பங்குனியில் வந்தது 24, புரட்டாதியில் வந்தது 74. வருடத்துக்கு இருமுறை எல்லோருடைய காரும் எல்லோர் கண்முன்னும் ஒரு படி பழசாகிறது. கலியாண மண்டபக் கார் நிறுத்துமிடத்தில் எங்கள் ஆட்களின் கண் முதலில் போவது அந்த இலக்கத்துக்குத்தான். தம்பியின் மனைவி என்னிடம் சொன்னார், பழைய காரில் போனால் ஊர் ஆட்கள் "இன்னும் அதே காரோ?" என்று கேட்கிறார்களாம். அந்த ஒரு கேள்வியின் விலை 13,844 பவுண். கேட்டவர் ஒரு சதமும் கட்டப்போவதில்லை.

இப்படிக் கேட்பவர்கள் யார் என்று யோசிக்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. யாழ்ப்பாணத்தில் கார் என்றால் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். ஐம்பதுகளில் கப்பலேறி வந்த வண்டிகள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓடின, அதற்குப் பிறகும் ஓடின. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை. எங்கள் மெக்கானிக்குகள் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் வராது. ஒரு காரின் துண்டை இன்னொரு காருக்கு வெட்டிப் பொருத்தினார்கள், இல்லாததைக் கடைசல் பட்டறையில் கடைந்தார்கள். கர்ப்பிணிகளும் காயப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தக் கார்களில்தான். ஈலிங்கின் வடக்குப் பக்கமாக ஓடும் ஏ40 வீதியில் ஏறினால் ஒக்ஸ்பேர்ட் வரும். மொரிஸ் மைனர் பிறந்தது அங்கே கௌலி தொழிற்சாலையில். அந்த வண்டியைச் செய்தவர்களே வியக்கும் அளவுக்கு அதை ஓட்டிக் காட்டிய சனம் நாங்கள். அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு ஸ்பிரிங் உடைந்ததற்காகக் காரை எறிகிறோம்.

புதுக்கார்தானே பாதுகாப்பு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வழுக்கும் வீதியில் வண்டி சுழலாமல் பிடிக்கும் மின்னணு நிலைப்படுத்தி 2014 கார்த்திகை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற எல்லாப் புதுக்கார்களிலும் கட்டாயம். அது இல்லாத தொண்ணூறுகளின் காரில் குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் மாற்றட்டும், நான் மறிக்கமாட்டேன். ஆனால் 21 இலக்கத்தைக் கொடுத்து 24 இலக்கம் வாங்குபவர் பாதுகாப்பின் பெயரைச் சொல்லக்கூடாது. அவருடைய முந்திய காரிலும் அது இருந்தது. வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயமும் அப்படித்தான். காரை வழியில் நிறுத்துவது பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட பழுது. எண்ணெய் மாற்றாமல், ரைமிங் பெல்ற்றின் கெடுவைக் கேட்காமல், எம்.ஓ.ரி. தாளில் இருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படிக்காமல் ஓடினால் ஐந்து வருடக் காரும் நிற்கும்.

பழையது என்றால் புகை என்ற இன்னொரு பிழையான எண்ணம், புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் வலயம் வந்தபோது பரவியது. 2021 ஐப்பசியில் அந்த வலயம் வடக்கு, தெற்குச் சுற்றுவீதிகள் வரை விரிந்தபோது ஹாங்கர் லேனுக்கு மேற்கே இருந்த நாங்கள் வெளியில் இருந்தோம். 2023 ஆவணி 29ஆம் திகதி லண்டன் முழுவதும் உள்ளே வந்தது. பொருந்தாத கார் என்றால் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். பழைய கார் எல்லாம் இனிக் குப்பை என்று அந்தக் கோடையில் கதை பரவியது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோல் காரை அரைவிலைக்குக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். அது கட்டணம் இல்லாமலே ஓடக்கூடிய கார்! பெற்றோல் கார் என்றால் யூரோ 4 தரம் போதும், 2006க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், அது 2015 புரட்டாதியில்தான் எல்லாப் புது டீசல் கார்களுக்கும் கட்டாயமானது. அதனால் 2007ஆம் ஆண்டுச் சின்னப் பெற்றோல் கார் சும்மா ஓட, 2013ஆம் ஆண்டு ஆடம்பர டீசல் கார் பணம் கட்டியது. வயதைப் பார்த்துத் தீர்மானித்தவர்கள் ஏமாந்தார்கள். கார் இலக்கத்தை இணையத்தில் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நான் காரை மாற்றியதும் அந்த 2023இல்தான். 2012ஆம் ஆண்டு டீசல் கார் வைத்திருந்தேன். 2001இல் வீதி வரியைக் கரியமில வாயுவின் அளவோடு கட்டியபின் அப்போது டீசலுக்கு வரி குறைவாக இருந்தது, குறைந்த எரிபொருளில் நிறைய மைல் போகும். நானும் வாங்கினேன். அது நன்றாக ஓடியது, எம்.ஓ.ரி.யில் ஒருநாளும் தவறவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி அதை வைத்திருப்பதே லாபம். ஆனால் எலா அடூ-கிஸி-டெப்ரா என்ற சிறுமியின் மரண விசாரணையைப் படித்தேன். லூயிஷம் பகுதியில் தெற்குச் சுற்றுவீதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். ஆஸ்துமாவால் 2013இல் இறந்தாள், ஒன்பது வயது. 2020 மார்கழியில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவளுடைய இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். இந்நாட்டில் ஒருவரின் மரணக் காரணத்தில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்தடவை. எங்கள் பிள்ளைகளும் அக்ஸ்பிரிட்ஜ் வீதி ஓரமாகத்தான் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். யூலெஸ் கட்டணம் அந்தக் காரைக் கைவிடும் நாளைக் குறித்தது. காரணம் அந்தச் சிறுமி. பழைய வண்டியை அழிக்கக் கொடுப்பவர்களுக்கு 2,000 பவுண் வரை உதவி அப்போது கிடைத்தது, அதற்குக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் வெஸ்ட் ஈலிங் நிலையத்திலிருந்து எலிசபெத் தடம் நேராக லண்டன் நடுவுக்குப் போகிறது. எந்தக் காரை மாற்றுவது என்று இரவிரவாக யோசிக்கும் வீடுகளில் பல, இரண்டாவது கார் வேண்டுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டுப் பெற்றோல் கார். 08 இலக்கம் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் இருக்கிறது. இந்த வருட எம்.ஓ.ரி. தாளில் பின்சில்லுக்குப் பக்கத்தில், அடித்தட்டு விளிம்பில் துரு என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். மாரியில் வீதிக்குப் போடும் உப்பின் வேலை. மெக்கானிக் என்னைக் கீழே கூட்டிப்போய் விளக்கடித்துக் காட்டினார். மேலாகத்தான் இருக்கிறது, இன்னும் உட்போகவில்லை என்றார். சுரண்டி மெழுகு பூசச் சொன்னேன். துரு உள்ளே இறங்கி, தகடு வைத்து ஒட்டினாலும் பிடிக்காது என்று அவர் சொல்லும் நாளில் வேறு கார் பார்ப்பேன்.