வசந்தத்தை ஏன் அணைக்கிறீர்கள்?

18 மாதங்களுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம், 6 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பார்க்கட்டும் என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025ல் வழிகாட்டி வெளியிட்டது. சரியான அளவுதான். ஆனால் சில வீடுகளில் முதலில் அணைக்கப்படுவது வசந்தம் ஒளிவழி. உணவங்காடியில் சோறு ஊட்ட நீட்டும் திறன்பேசி மட்டும் தப்பிவிடுகிறது! சாப்பாட்டு வேளையில் திரை கூடாது என்பதும் அதே வழிகாட்டியில்தான் உள்ளது.

பாலர்பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் பிள்ளை, பாட்டியுடன் அமர்ந்து தமிழ் நிகழ்ச்சி பார்க்கும்போது, “அவங்க ஏன் அழுறாங்க பாட்டி?” என்று தமிழில் கேட்கிறது. அந்தக் கேள்விக்காகவே அரை மணி நேரம் கொடுக்கலாம். மின்விளையாட்டும் அப்படித்தான். அக்காளும் தம்பியும் மாறி மாறி ஆடினால், தங்கள் முறைக்குக் காத்திருக்கப் பழகுவார்கள்; ஆட்டமும் ஓரிடத்தில் முடியும். தானாக அடுத்தடுத்து ஓடும் காணொளிக்கு அந்த முடிவு இல்லை. முதலில் அதை நிறுத்துங்கள்.