காந்தம் வாங்கப் போகிறீர்களா?

உங்கள் வீட்டில் எத்தனை காந்தங்கள் இருக்கின்றன என்று திடீரென்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மாம்பழப் பொம்மை ஒன்று, மிஞ்சிப் போனால் பையனின் பள்ளிக்கூடப் பையில் இன்னொன்று என்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். செல்போனுக்குள்ளே இருக்கிறது, காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போனில் இருக்கிறது, அதை வைக்கும் டப்பியின் மூடியில் இருக்கிறது, மின்சார ஸ்கூட்டர் இருந்தால் அதன் மோட்டாருக்குள் ஒரு வரிசையே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நியோடிமியம் காந்தங்கள். பார்ப்பதற்கு வெள்ளிக் காசு மாதிரி பளபளப்பாக இருக்கும். பலமோ, பழைய கறுப்புக் காந்தத்தைப் போல் பத்து மடங்கு!

நியோடிமியம் என்ற உலோகம் ஒன்றும் புதிதல்ல. 1885-ல் வியன்னாவில் கார்ல் அவர் என்ற ரசாயனி அதைப் பிரித்தெடுத்தார். கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு 'புஸ்' என்று எரியுமே, அந்த விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் அதே ஆசாமிதான். நம் கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் தாதுவில்கூட நியோடிமியம் உண்டு. ஆனால் அதை இரும்போடும் துளி போரானோடும் சேர்த்தால் இப்படி ஓர் அசுரக் காந்தம் கிடைக்கும் என்பது சுமார் நூறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மஸாட்டோ ஸகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் க்ரோட்டும், ஒருவருக்கொருவர் தெரியாமலே அதைச் செய்து காட்டினார்கள்.

சரி, கடைக்குப் போவோம். சமையலறைச் சுவரில் கத்திகளை ஒட்டி வைக்க, தையல் மெஷினடியில் விழுந்த ஊசிகளைப் பொறுக்க, கொசுவலைக் கதவை மூட என்று எதற்காவது வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் 'என் 35', 'என் 42', 'என் 52' என்று அடுக்குவார். எண் ஏற ஏறப் பலம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 என்றதும் அதுதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரே அளவுள்ள 42-ஐவிட 52 ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாக இழுக்கும். விலையோ அதற்கு மேல் கூடும். வீட்டு வேலைக்கு 35-உம் 42-உம் தாராளம். அலமாரிக் கதவு சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் மலிவான கறுப்புக் காந்தமே போதும். யானையைக் கட்டும் சங்கிலியால் கன்றுக்குட்டியைக் கட்டுவானேன்?

அட்டையில் '6 கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பொய்யல்ல, ஆனால் அந்தக் கணக்கு எடுத்த விதம் வேறு. சுத்தமான, கனமான இரும்புத் தகட்டில் பளிச்சென்று ஒட்டவைத்து, நேராகப் பின்பக்கம் இழுத்துப் பார்த்து எடுத்த கணக்கு அது. நீங்களோ நிற்கிற பீரோவின் பக்கத்தில் ஒட்டி, பையை மாட்டப் போகிறீர்கள். அங்கே காந்தம் பிய்த்துக்கொண்டு வருவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அப்படித் தாங்கும் சக்தி சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பீரோத் தகடு மெல்லியதாக இருந்தாலும், நடுவே பெயிண்ட் கனமாக இருந்தாலும் இன்னும் குறையும். வழுக்காமலிருக்க ரப்பர் உறை போட்ட காந்தம் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி சூட்டைத் தாண்டினால் பலத்தை இழக்க ஆரம்பித்துவிடும். ஆறிய பிறகும் இழந்தது திரும்பாது. சூடு தாங்குவது வேண்டுமானால் எண்ணுக்குப் பின்னால் 'எம்' என்று இருந்தால் 100 டிகிரி, 'எச்' என்றால் 120, 'எஸ்.எச்.' என்றால் 150. மேலே பூசியிருக்கும் நிக்கல் முலாம் அழகுக்காக அல்ல. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு இரும்புதானே? முலாம் போனால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஆணி அடிக்க ஓட்டை போடலாம் என்று டிரில்லை எடுக்கவே எடுக்காதீர்கள். பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த பண்டம் இது. பீங்கான் மாதிரி தெறிக்கும். அந்தத் தூள் தீப்பற்றக்கூடியது. ஓட்டையோடு செய்த காந்தமே கடையில் இருக்கிறது.

இரண்டு பெரிய காந்தங்கள் ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கும்போது நடுவே விரல் அகப்பட்டால் ரத்தம் கட்டுவதோடு போகாது, எலும்பே முறியலாம். விரல் தப்பினாலும், மோதுகிற வேகத்தில் சில்லுத் தெறித்துக் கண்ணில் பாயும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சமயம் ஒன்றை மட்டும் கையாளுங்கள். பிரிக்கும்போது நேராக இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். மர மேஜையின் ஓரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் தள்ளினால் சாதுவாக விலகும். பிரித்த பிறகு நடுவே மரத்துண்டு வைத்து டப்பியில் போடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்கள் பாடு. இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மிளகுப் பருமனில் நூற்றுக்கணக்கான காந்த உருண்டைகளைச் சேர்த்துக் கோபுரம், மாலை என்று கட்டும் விளையாட்டுச் சாமான் விற்கிறார்கள் அல்லவா? குழந்தை உள்ள வீட்டில் அது கூடவே கூடாது. குழந்தை காசை விழுங்கினால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். காந்தம் அப்படியல்ல. இப்போது ஓர் உருண்டை, சற்றுக் கழித்து இன்னொன்று என்று விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் இருப்பது அடுத்த மடிப்பில் இருப்பதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவே நசுங்குவது குடலின் சுவர். அங்கே ரத்த ஓட்டம் நின்று, புண்ணாகி, ஓட்டை விழுந்துவிடும். வெளிக்குத் தெரிவதெல்லாம் சாதாரண வயிற்று வலியும் வாந்தியுந்தான். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

காந்தம் விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாழைப்பழம் கொடுத்து 'வெளியே வரட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். 'காந்தம்' என்ற வார்த்தையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு உருண்டை ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரியலாம். எம்.ஆர்.ஐ. படமோ கூடவே கூடாது. குழந்தைகள்தான் என்றும் இல்லை: நாக்கில் வளையம் குத்தியதுபோல் காட்ட, மேலும் கீழும் காந்தம் வைத்துக்கொண்டு விழுங்கிவிடுகிற பிள்ளைகளைப் பற்றி 2021-ல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் 2014-ல் இந்த உருண்டைகளுக்கு விதி போட்டார்கள். 2016-ல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022-ல் மறுபடி போட்டார்கள். நம் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் 'பெரியவர்களின் மன அமைதிக்கு' என்று எழுதி விற்கும் சாமானில் அந்த முத்திரையைத் தேடி என்ன பிரயோஜனம்?

தாத்தாவுக்கு மார்பில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா? பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் அந்தக் கருவி தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளும். காந்தம் உள்ள செல்போனையும் இயர்போன் டப்பியையும் சட்டையின் இடப்பக்கப் பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். பெரிய காந்தமானால் இன்னும் எட்டவே இருக்க வேண்டும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்துக்கும், காந்தப் பட்டையுள்ள பாங்க் கார்டுக்கும் இதன் சகவாசம் ஆகாது. மூட்டுவலிக்குக் காந்த வளையல், ரத்த ஓட்டத்துக்குக் காந்த மாலை என்று விற்பவை வலியைத் தீர்க்கும் என்பதற்கு ருசு இல்லை; அந்தப் பணத்துக்கு நல்லெண்ணெய் வாங்கலாம்.

பாத்திரக் கடைக்குக் காந்தத்தை மடியில் கட்டிக்கொண்டு போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர்' என்பது பாதி உண்மைதான். நிக்கல் அதிகம் சேர்ந்த உயர்ந்த ரகம் ஒட்டாது, வாஸ்தவம். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகமும் ஒட்டாது! உயர்ந்த ரகத்திலும் விளிம்பை மடித்து அடித்த இடத்தில் நியோடிமியம் லேசாகப் பிடித்திழுக்கும். இண்டக்ஷன் அடுப்புப் பாத்திரத்துக்கு அடிப்பாகம் ஒட்டியே ஆகவேண்டும். ஆகையால் அடுத்த தடவை காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு, அடியில் 304 என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். அதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.