அவுலோஸ் புல்லாங்குழல் இல்லை சாமி!

பண்டைய கிரேக்க இசை என்று யூடியூபில் ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். வெள்ளைத் தூண்கள், நீலக் கடல், சூரிய அஸ்தமனம். பின்னால் யாழ் மாதிரி ஏதோ ஒன்று மெதுவாகச் சிணுங்கும். கூடவே ஒரு புல்லாங்குழல், எல்லாவற்றுக்கும் மேல் கிணற்றுக்குள் இருந்து பாடியது போல எக்கோ. தியானத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது என்று குறிப்பு வேறு. கிரேக்கர்கள் தூங்குவதற்காகவே இசையமைத்தார்கள் போலிருக்கிறது :-)

இந்தக் கூத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பும் காரணம். 'அவுலோஸ்' என்ற கருவியை ஆங்கிலத்தில் ரொம்ப காலமாக 'ஃப்ளூட்' என்றே எழுதி வந்தார்கள். ஆங்கிலம் வழியாகப் பிளேட்டோவைப் படிக்கிற நமக்கும் மனசில் புல்லாங்குழல்தான் வருகிறது. உண்மையில் அது சீவாளி வைத்து ஊதுகிற கருவி. அதுவும் ஒன்றல்ல, கைக்கு ஒன்றாக இரண்டு குழல். இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊத வேண்டும். கன்னத்துக்குத் தாங்கலாக முகத்தைச் சுற்றித் தோல் பட்டி கட்டிக்கொண்டு ஊதுவதைப் பழைய ஜாடி ஓவியங்களில் பார்க்கலாம். கி.மு. 418-இல் மாண்டினியா போரில் ஸ்பார்ட்டா படை இந்த ஓசைக்குத்தான் அடியெடுத்து வைத்து நடந்தது என்று துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஏதென்ஸில் ஆயிரக்கணக்கானவர்கள் திறந்தவெளியில் உட்கார்ந்து பார்த்த நாடகங்களில் கோரஸுக்குத் துணையும் இதுதான். நாகஸ்வரத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு சீவாளி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிக் காட்டுங்கள், பார்ப்போம்.

இந்த வியாபாரிகளைக்கூட மன்னித்துவிடலாம். எனக்குக் கோபம் இன்னொரு கோஷ்டி மேல்தான். "எதுவும் நிச்சயமாகத் தெரியாது, அதனால் இப்போது செய்து வாசிப்பதெல்லாம் வெறும் கற்பனை" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்பு சொல்கிறவர்கள்.

எதுவும் தெரியாதா? இசைக் குறியோடு சுமார் 60 துண்டுகள் கிடைத்திருக்கின்றன. எந்தக் குறி எந்த ஸ்வரம் என்பதற்கு அலிப்பியஸ் விட்டுப்போன அட்டவணைகள் இருக்கின்றன. தாளத்துக்குப் பாட்டின் யாப்பே பெரும்பாலும் வழிகாட்டுகிறது. பாரிஸ் லூவ்ரில் ஒரு ஜோடிக் குழலே இருக்கிறது. சீவாளி நாணல் என்பதால் மக்கிப் போகும், சரி. ஆனால் எந்த ஏரியின் நாணல், எப்போது அறுக்க வேண்டும் என்பதைத் தியோஃபிராஸ்டஸ் தன் தாவர நூலில் எழுதி வைத்திருக்கிறார். துளை எங்கே இருக்கிறது என்று அளவுகோல் சொல்லும். இரண்டு குழலையும் ஒரே ஆள் பிடித்து, மூடித் திறந்து, ஸ்ருதி சேர ஊத முடியுமா என்பதை ஊதிப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். பத்து சீவாளி செய்து ஒன்பது பிசகினால் அந்த ஒன்பதும் ஆராய்ச்சிதான். இத்தாலியின் சார்டீனியா தீவில் லௌனெட்டாஸ் என்ற மூன்று குழல் கருவியை இன்றைக்கும் மூச்சு அறுபடாமல் ஊதுகிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து அவுலோஸ் ஊதுகிறவரைப் பார்த்துக் கற்பனை என்பது அநியாயம்.

வாசிக்கிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. எல்லாரும் எடுத்து ஆள்வது செய்கிலோஸ் கல்வெட்டுப் பாட்டு. 1883-இல் துருக்கியின் அய்தின் பக்கம் கண்டுபிடித்த தூண் அது. (ஒரு ரயில்வே அதிகாரியின் மனைவி அதைப் பூந்தொட்டி ஸ்டாண்டு ஆக்கியதில் அடிப்பாகம் போயிற்று. நல்லவேளை, பாட்டு மேலே இருந்ததால் தப்பித்தது!) முழுசாகப் பாடினாலும் ஒரு நிமிடம் ஆகாது. அதை ஐந்து நிமிடத்துக்கு இழுக்கிறவர்கள், கல்லில் இருப்பது இது, நான் சேர்த்தது இது என்று ஒரே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

2017-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அர்மண்ட் டாங்கூர் ஒரு கோரஸைப் பாட வைத்தார். யூரிப்பிடீஸின் 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தின் பாப்பிரஸ் துண்டும், டெல்ஃபியில் கல்லில் வெட்டிய அப்போலோ துதியும். கூடவே புதிதாகச் செய்த அவுலோஸ். எது ஆதாரம், எது ஊகம் என்றும் அவரே விளக்குகிறார். வீடியோ யூடியூபிலேயே இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் வால்யூமை முதலில் குறைத்து வையுங்கள்.