நூலின் வாய்மை

இரு தலைமுறைக்கு முன் மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டை எடுத்த வீடு அதை ஊரறியச் சொல்லிக்கொண்டது. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். இரவில் துவைத்துப் போட்டால் விடியலில் உடுத்தலாம். அந்தப் பெருமை இன்று தலைகீழாகிவிட்டது. அதே வீட்டுப் பேரன் துணியை விரலிடையே கசக்கிப் பார்த்து, இது முழுப் பருத்திதானா என்று கடைக்காரரிடம் ஐயத்தோடு வினவுகிறான். பருத்தியும் பட்டும், ஆளி நாரில் நெய்த லினனும் மீண்டும் விரும்பி நாடப்படுகின்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும், கேட்ட விலையைக் கொடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தது எது என்பதை உறுதியாகச் சொல்லுவார் இல்லை. நமது கவலை அதைப் பற்றியது.

இந்த நாட்டம் உடலின் பட்டறிவில் பிறந்தது. நூறு பங்கு எடையுள்ள உலர்ந்த பருத்தி, காற்றின் ஈரத்தில் ஏறத்தாழ 8 பங்கைத் தன்னுள் ஏற்கும். பட்டு 11 பங்கும் கம்பளி 16 பங்கும் ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப் பங்கைக்கூட ஏற்பதில்லை. வியர்வை தோலுக்கும் துணிக்கும் இடையே சிறைப்பட்டு நிற்கிறது. புழுக்கம் மிகுந்த நம் கடற்கரை மாவட்டத்தார்க்கு இக்கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோலிய வழிப் பொருள்களால் ஆன அவ்விழை ஒவ்வொரு சலவையிலும் நுண்துகள்களை உதிர்த்து நீர்நிலைகளுக்கு அனுப்புகிறது என்பதும் இப்போது பலர் அறிந்த செய்தி.

எனினும் உலகில் உருவாகும் இழைகளுள் பாதிக்கு மேற்பட்டது பாலியெஸ்டரே. பருத்தியின் பங்கு ஐந்தில் ஒன்று அளவே. மலிவும், விரைவில் உலர்தலும், நெடுநாள் உழைத்தலும் எளியோர் வீட்டில் சிறு நன்மைகள் அல்ல. அதை உடுத்துவோரைப் பார்த்து முகம் சுளிக்கும் புதிய நாகரிகம் நமக்கு உடன்பாடன்று.

இயற்கை என்னும் சொல் விலைபோகத் தொடங்கியதும் அதன் நிழலில் போலிகள் முளைத்தன. மூங்கில் துணி என்று விற்கப்படுவதை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி, மூங்கில் கூழைக் காரமும் கார்பன் டைசல்பைடும் கொண்டு கரைசலாக்கி, நுண்துளைகளின் வழியே இழையாக இழுத்த விஸ்கோஸ்தான். பிறப்பிடம் மூங்கில் என்பது மெய். ஆலைக்குள் அது அடைந்த மாற்றத்தை விற்பனைச் சீட்டு சொல்வதில்லை. இத்தகைய பெயர் சூட்டலுக்கு எதிராக அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் 2009-இல் நடவடிக்கை எடுத்தது. 2022-இல் அங்குள்ள இரு பெரும் அங்காடி நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அதே பெயர் நம் கடைவீதிகளில் கேட்பாரின்றி உலவுகிறது.

நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. துணியில் இழையின் விகிதத்தைப் பொறிக்க வேண்டும் என்னும் விதி 1988 முதல் உள்ளது. பட்டுக்கு 2004-இலும் கைத்தறிக்கு 2006-இலும் முத்திரைகள் வந்தன. கைத்தறிக்கெனச் சில வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த அவ்வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. ஆனால் விசைத்தறிச் சேலை கைத்தறியின் பெயரில் விற்கப்படுவதும், கலப்பு நூல் தூய பருத்தியாக வேடமிடுவதும் நின்றபாடில்லை. ஆகவே, விவரமறிந்த மூதாட்டியர் இன்னும் பழைய சோதனையையே நம்புகின்றனர். ஓரத்து நூலைப் பிரித்துத் தீயில் காட்டினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் வீசும். பாலியெஸ்டர் உருகிக் கரிய மணியாய் இறுகும். பாவு ஒன்றாகவும் ஊடை வேறாகவும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே கொளுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அரசு முத்திரையைவிடத் தீக்குச்சி நம்பகமானது என்னும் நிலை எந்த ஆட்சிக்கும் அழகன்று.

வாய்மை குறித்த இந்த வினா கடையோடு முடிவதில்லை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசலில் மழையொன்றையே நம்பி விளைந்தது கருங்கண்ணிப் பருத்தி. வறட்சிக்கு அஞ்சாத செடி. ஆனால் இழை குட்டை. கையால் நூற்போர்க்கு அது குறையாகப் படவில்லை; விரைந்து சுழலும் ஆலைக் கதிர்களுக்கோ நீண்ட இழை வேண்டியிருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. 1974-இல் கோவையில் உருவான சுவின், மிக நீண்ட இழையால் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அந்த ஆய்வாளர்களின் திறனை நாம் போற்றுகிறோம். 2002-இல் பி.டி. பருத்திக்கு இசைவு தரப்பட்டபின், நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் வசமாயிற்று. அவை கலப்பின விதைகள். உழவர் ஆண்டுதோறும் கடையில் வாங்கியே தீர வேண்டும். எந்தச் செடி வாழலாம் என்பதை மண்ணும் மழையும் தீர்மானித்த காலம் போய், ஆலைப் பொறி தீர்மானிக்கும் காலம் வந்தது. இயற்கை இழை என்று மகிழ்ந்து வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கருங்கண்ணியை மீட்க முயலும் சிலர் தென் மாவட்டங்களில் இருக்கின்றனர். அவர்கள் நெய்விக்கும் துணியின் விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

சாயப்பட்டறையின் கதை இன்னும் கசப்பானது. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கே சாயமேறியவற்றில் பெரும்பகுதி பருத்திப் பின்னலாடைகளே. செடியில் விளைந்த இழை என்பதனால் மட்டும் ஒரு துணி ஆற்றுக்குத் தீங்கற்றதாகிவிடாது.

அரசின் போக்கு எத்திசையில் இருக்கிறது? மைய அரசு 2021-இல் அறிவித்த 10,683 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் செயற்கை இழை ஆடைகள், செயற்கை இழைத் துணிகள், தொழில்நுட்பத் துணிகள் ஆகியவற்றுக்கே உரியது. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழையின் மீதான சரக்கு, சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. ஏற்றுமதிச் சந்தை செயற்கை இழையைக் கேட்கும்போது அதைப் புறந்தள்ளுக என நாம் சொல்லவில்லை. அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கேனும் நாட்டுப் பருத்தியின் விதைப் பெருக்கத்துக்கும், குட்டை இழையை நூற்கவல்ல சிற்றாலைகளுக்கும் கிடைக்கக் கூடாதா என்றே கேட்கிறோம். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியை நம்பி வாழ்வோர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தார் சுற்றுவதும் பாவுக்கு நூல் ஆயத்தம் செய்வதும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருக்கிறது. பல வீடுகளில் அதற்கெனத் தனிக் கூலி இல்லை. நகரத்துக் கடையில் கைத்தறியின் விலை ஏறுவதால் மட்டும் அந்தத் திண்ணைக்குப் பணம் வந்துவிடாது.

இழை விகிதம், பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியாக, தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் துணியிலேயே பொறிக்கப்பட வேண்டும். பொய் பொறித்தவர் பெயர் வெளியிடப்பட வேண்டும். வணிகரிடம் இதை வற்புறுத்துமுன் தமிழக அரசு தன் கொள்முதலில் செய்து காட்டலாம். 1983 முதல் பொங்கலை ஒட்டி வழங்கப்படும் விலையில்லா வேட்டி, சேலைகளே அதற்கு ஏற்ற தொடக்கம். நியாயவிலைக் கடையின் வரிசையில் நின்று வேட்டியைப் பெறும் முதியவர், அதில் எத்தனை பங்கு பருத்தி என்பதை அதன் கரையோரத்தில் படித்தறியட்டும்.