நாலு தேத்தண்ணியும் ஒரு பிளக்கும்

மாத்தளையில் எங்க மாமாவிடம் ஒரு நிசான் லீஃப் இருக்கு. 2015 வாக்கில, வரி குறைவாக இருந்தப்போ, ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய ரீகண்டிஷன் கார்களில் ஒன்று. மாமா வாங்கும்போதே ரெண்டு பேர் ஓடி முடிச்ச கார். முழுசா சார்ஜ் போட்டால் நூறு கிலோமீற்றர் ஓடும், பலகடுவ ஏற்றத்தில் அதுவும் குறையும். கண்டி போய்வர அது போதும். கொழும்பு என்றால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

போன மாதம் அத்தையின் கிளினிக்குக்காகக் கொழும்பு போனோம். திரும்பும்போது கேகாலைப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு சார்ஜிங் இடத்தில் நிறுத்தினோம். பளபளவென்று மூன்று மெஷின். ஒன்றின் வாயும் எங்க காருக்குப் பொருந்தவில்லை. மூலையில் நின்ற பழைய மெஷின் பொருந்தும், ஆனா அது வேலை செய்யவில்லை. "இப்ப வர்ற கார் எல்லாத்துக்கும் இதுதான் சேர், காரை மாத்துங்க" என்றார் அங்கிருந்த பையன். மாமா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல்ல.

கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு வோல்ட், ஆம்பியர் எல்லாம் தூரம். வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். லீஃபின் பாஸ்ட் சார்ஜ் வாய்க்குப் பெயர் சாடெமோ. 2010இல் நிசான், டொயோட்டா, தோக்கியோ மின்சாரக் கம்பனி எல்லாம் சேர்ந்து அமைத்த சங்கத்தின் முறை. ஜப்பானிய மொழியில் 'தேநீராவது குடிப்போமா' என்கிற பேச்சை நினைவூட்டுற பெயராம்: ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும் என்று அர்த்தம். இப்போ இங்கே வருகிற புதுக் கார்களில் இருப்பது சீசீஎஸ்2. வித்தியாசம் வாயின் வடிவத்தில் மட்டுமில்ல. காரும் சார்ஜரும் எவ்வளவு கரண்ட் வேணும், எப்போ நிறுத்தணும் என்று பேசிக்கொள்கிற பாஷையே வேற. அதனால அடாப்டருக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி எலக்ட்ரோனிக்ஸ் இருக்கணும். சும்மா ரெண்டு ரூபா பிளக் இல்ல, விலையும் அப்படித்தான்.

நிசானே ஐரோப்பாவில் விற்ற ஆரியா காருக்கு சீசீஎஸ் போட்டுவிட்டது. ஆக, சாடெமோ தோற்றுவிட்டது. அதை நான் மறுக்கல்ல. ஆனா தோற்றது பிளக், கார் இல்லையே! 2020 முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதியே நின்றிருந்த நாட்டில், 'காரை மாத்துங்க' என்பது யாரிடம் சொல்கிற பேச்சு? 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் சனம் வரிசையில் நின்றபோது, பக்கத்து வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இந்தப் பழைய லீஃப்தான்.

இன்னொன்று. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இதே சாடெமோ வாய் வழியாகக் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கிற பெட்டியை விற்றார்கள். 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் அப்படி ஒன்று எங்க வீட்டில் இருந்திருந்தால் என்று யோசித்தேன்.

குறைஞ்சுகொண்டு போகிற கார்களுக்காக யார் புதுசா முதல் போடுவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். புதுசு வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற பழைய மெஷின்களைத் திருத்தி வைத்தால் போதும். கொழும்பு–கண்டி மாதிரி ரோட்டில் சார்ஜிங் இடம் திறக்க அனுமதி கொடுக்கும்போது, ஒரு மெஷினிலாவது ரெண்டு வயரும் இருக்கணும் என்று ஒரு பத்து வருஷத்துக்குச் சொல்லலாம். ஒரே மெஷினில் ரெண்டும் வைப்பது ஒன்றும் புதினமில்லை.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை ஒன்று. முதலாளி உள்ளே இருந்த சாதாரண பிளக்கில் சொருகவிட்டார். நாலு மணித்தியாலம், ஆளுக்கு நாலு தேத்தண்ணி. அத்தை கதிரையிலேயே தூங்கிப்போனார். கரண்டுக்கு அவர் காசு வாங்கவே இல்ல. அடுத்த கிளினிக் வரப்போகுது. அவருடைய நம்பரை மாமா போனில் 'சார்ஜர்' என்று போட்டு வைத்திருக்கிறார்.