படகைக் கட்ட ஒரு முளை

கொச்சியில் நண்பரின் பாய்மரப் படகில் மூன்று நாள் சுற்றிவிட்டு, போல்காட்டித் தீவில் இருக்கும் மெரினாவுக்குள் நுழைந்தோம். கயிறு என் பொறுப்பு. பாயை இறக்கியாச்சு. எஞ்சின் மெதுவாக ஓட, அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினார் நண்பர். எதிர்த்து வந்தால்தான் படகு அடங்கி நிற்கும். கூடவே வந்தால் கரையில் போய் மோதும். "குதிக்காதீங்க, இறங்குங்க" என்றார். மிதவை மேடையில் இறங்கி, இரும்பு முளையில் கயிற்றை எட்டுப் போட்டுச் சுற்றினேன். ஊர் எங்களை ஏற்றுக்கொண்டது.

ஊர் திரும்பி, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கூவத்தைப் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. எங்க ஊர்லயும் மெரினா இருக்கு. 1884இல் கிராண்ட் டஃப் வைத்த பெயர். தீவுத்திடல் இருக்கு. மூணு பக்கமும் ஆறு வளையுற பேட்டை இருக்கு. படகைக் கட்ட ஒரு முளைதான் இல்லை. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் உண்டு, ஆனால் துறைமுக மதிலுக்குள்ளே.

"கூவத்துல படகா?" என்று சிரிக்கிறோம். 1970களில் படகு விட முயன்றோம், படித்துறைகூடக் கட்டினோம். ஆனால் சாக்கடை நிற்கவில்லை. மெரினாவை அகலமாக்கிய மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. அதற்கும் அப்போது நிரந்தர வழி செய்யவில்லை. தோற்றது படகல்ல.

"யாட் பணக்காரன் விளையாட்டு, தோழர்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கொச்சியில் 2023 முதல் அதே காயலில் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. அதில் ஏறி ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள். துறை இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். துறையே இல்லாத ஊரில் கிளப் மட்டும்தான் மிஞ்சும்.

நாம் ஆற்றைச் சீரமைப்பது எப்படி? கரையில் வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புகிறோம், வேலி போடுகிறோம், கிளம்பிவிடுகிறோம். சத்தியவாணிமுத்து நகர் அப்படித்தான் காலியானது. தண்ணீர் சுத்தமாகவில்லை, அதைத் தினமும் பார்த்தவர்களும் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத ஆற்றை யாருக்காகச் சுத்தம் செய்வார்கள்?

சுத்தமான பிறகு படகு விடலாம் என்பது தலைகீழ் வாதம். மனுஷங்க இறங்கிப் புழங்குற ஆறுதான் சுத்தமாகும். 1734இல் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை இது. எனக்கு யாட் கிளப் வேண்டாம். பேட்டைக் கரையில் நாலு படி, ஒரு முளை. விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்து முதல் கயிற்றைக் கட்டட்டும்.