அறுபதுக்கு மேல் ஓர் ஆகாய விமானம்

ஓய்வு பெற்றவனுக்கென்று ஊர் சில வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. காலையில் நடை, பிறகு பேப்பர், பத்து மணிக்கு வங்கியோ ரேஷன் கடையோ, மாலையில் கோயில், இரவில் டி.வி. தொடர். எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவற்றில் எதற்கும் நாம் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை. அறுபது வயதுக்கு மேல் மூளையும் கையும் துருப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அதனால்தான் சொல்கிறேன், ரிமோட்டில் பறக்கும் சின்ன மின்சார விமானம் நம் வயதுக்காரர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு. கையில் அதைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பேரனுக்கு வாங்கினதா சார்?" என்பதுதான். பொம்மையாக இருந்தால் பேரனிடம் கொடுத்துவிடலாம். இது பொம்மை இல்லை, கற்றுத் தேற வேண்டிய ஒரு வித்தை.

நம்மூருக்கு இந்த ஆசை புதிதும் இல்லை. 1910-லேயே மதராஸில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் விமானம் செய்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டுக் காட்டினார். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தை அமெரிக்காவில் குட் சகோதரர்கள் 1937-ல் பறக்கவிட்டார்கள். இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 1957 ஜூன் 30 அன்று மின் மோட்டார் வைத்த ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். நம் நாட்டில் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் ஒரு பாடமாகவே இருக்கிறது. நடிகர் அஜித்குமாருக்கு இதில் இருந்த ஈடுபாடு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகராகும் வரை அவரைக் கொண்டுபோனது.

முன்பெல்லாம் இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின், ஊரைக் கூட்டும் சத்தம், கைநழுவினால் விரலைப் பதம் பார்க்கும் புரொப்பெல்லர். இன்று லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்து எல்லாம் மாறிவிட்டது. நுரைப்பலகையில் செய்த விமானம் அரைக் கிலோ கூட இருக்காது. விழுந்து உடைந்தால் பசை போட்டு ஒட்டி, அரைமணி நேரத்தில் மறுபடியும் பறக்கவிடலாம். ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள் ரிமோட்டோடு சேர்த்து ஆரம்பித்துவிடலாம்.

"அப்படியானால் டிரோன் வாங்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. டிரோன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். அதில் நாம் கற்பது குறைவு. விமானம் அப்படி இல்லை. சைக்கிளைப் போல, வேகம் இருக்கும் வரைதான் அதற்கு நிதானம். வேகம் குறைந்த நேரத்தில் மூக்கைத் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் தலைகீழாக வரும். புதிதாகக் கற்பவர் கை தன்னையறியாமல் அதைத்தான் செய்யும். தரை நெருங்குகிறது என்ற பயத்தில் குச்சியை இழுக்கும். பயம் வரும்போது இழுக்காமல் இருக்கக் கை பழக வேண்டும். இதற்குப் பல வாரம் ஆகும்.

இன்னொரு கண்டம், விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது. அப்போது வலது இடதாகும், இடது வலதாகும். எனக்குச் சொல்லிக் கொடுத்த கல்லூரிப் பையன் ஒரே வரியில் இதைத் தீர்த்துவைத்தான். "எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க ஐயா. சாயற வாழைக்கு முட்டுக் குடுக்கற மாதிரி நினைச்சுக்குங்க." நாற்பது வருஷம் பிறருக்கு உத்தரவு போட்ட மனிதன், இருபது வயதுப் பையன் முன்னால் கைகட்டிப் பாடம் கேட்பது மனசுக்கும் நல்லது.

நம் வயதுக்கென்று சில யோசனைகள். இறக்கை மேலே பொருத்திய, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த பயிற்சி விமானமாகப் பாருங்கள். சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். இறக்கையின் மேல்பக்கம் ஒரு நிறமும் அடிப்பக்கம் வேறு நிறமும் அடித்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் தள்ளிப் போனதும், கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது வருகிறதா போகிறதா என்று தெரிய வேண்டும். கை நடுங்குகிறவர்கள் ரிமோட்டில் 'எக்ஸ்போ' என்ற அமைப்பைக் கூட்டி வைக்கலாம். குச்சியின் நடுப்பகுதி மந்தமாகும், சின்ன நடுக்கம் விமானத்துக்குப் போய்ச் சேராது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எப்போதும் காற்றை எதிர்த்தே ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். முதலில் பேரனின் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பழகுங்கள். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் காசு இல்லை.

இனி நம் ஜவ்வாது மலைக்கு வருகிறேன். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மேலே ஏறியதும், இவ்வளவு வெளியும் வானமும் இருக்கிறதே, இங்கேயே பறக்கவிடலாம் என்று தோன்றும். சும்மா தோன்றியதை நம்பிப் போய்விடக்கூடாது. காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. அதனால் விமானம் சற்று வேகமாகத்தான் இறங்கும். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே எழும், முகட்டைத் தாண்டியதும் கீழே அமுக்கும். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போடும் இடத்தைப் பார்த்தால், காற்று எங்கே எழுகிறது என்று தெரியும். அம்மியே பறக்கும் ஆடியில் இந்த அரைக்கிலோ சாமானை வெளியே எடுக்கவே வேண்டாம். விடிந்து ஒரு மணி நேரம்தான் நமக்கான நேரம்.

காற்றைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. லித்தியம் பேட்டரி விழுந்து நசுங்கினால் புகைந்து, பற்றி எரியக்கூடும். சில நேரம் உடனே எரியாது, கொஞ்ச நேரம் கழித்து எரியும். மாசி, பங்குனியில் மலையில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மலையில் விமானம் விடுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஒருவனின் பத்து நிமிஷ சந்தோஷத்துக்கு ஒரு சரிவுக் காடும், அதை நம்பித் தேன் எடுக்கிறவனும், புளி உலுக்குகிறவனும் பலியாகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். சாமை அறுத்த கொல்லையில், ஈரம் முழுக்கக் காயாத தை மாதத்தில், நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு பறக்கவிடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். உடைந்த நுரைத்துண்டை ஒன்று விடாமல் பொறுக்கி வாருங்கள், அது மக்காது. கோடையில் ஆசை வந்தால் அடிவாரத்தில் வறண்ட ஏரி எத்தனையோ இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரைதான். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்கவிடுவதே முறை. நம் கண்ணுக்கு அதில் பாதி உயரமே அதிகம்.

கடைசியாக ஒன்று. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். காவலூரில் 1968-ல் முதலில் வைத்தது 38 செ.மீ. தொலைநோக்கி. பிறகு 1986-ல் வந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தார்கள். அந்த வெள்ளைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே வளர்கிற மலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் கையில், தானே இயக்கிப் பார்க்க ஒரு கருவி கிடைத்திருக்கும்? இறக்கை ஏன் தூக்குகிறது, பாரம் எங்கே இருந்தால் விமானம் நிலையாகப் பறக்கும் என்பதை எல்லாம் ஒரு நுரை விமானம் ஒரு காலைப் பொழுதில் காட்டிவிடும். பாரத்தின் மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இரண்டு விரல் நுனியில் வைத்துத் தூக்கினாலே ஒரு பிள்ளைக்கு அது புரிந்துவிடும். கரும்பலகையில் புரிய வைக்க ஒரு வாரம் ஆகும்.

மலையில் இருக்கும் ஒவ்வொரு உண்டு உறைவிடப் பள்ளிக்கும் இப்படி ஒரு விமானம் வேண்டும் என்று அரசுக்கு மனு போடலாம். போடுவோம். ஆனால் மனு போய் வருவதற்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பத்தாவது முடித்து வெளியே போய்விடுவார்கள். பென்ஷன் வாங்குகிற நாம் நாலு பேர் சேர்ந்தால் ஒரு விமானத்துக்கு ஆகிறது. தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி, மாதம் ஒரு சனிக்கிழமை காலை மேலே போய்வர நம்மிடம் இல்லாதது என்ன? நேரம் மட்டும்தான் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

இந்த மார்கழிக்குள் சிமுலேட்டரில் பழகிவிட்டால், தையில் கொல்லைக்குப் போகலாம். போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் யோசித்து வையுங்கள்.